ஒன்பது நாள்

ஹார்விச் துறைமுகம், மூன்றாவது சாளரம்.
இரவு பதினோரு மணிக் கப்பலுக்கு
எட்டரைக்கே வந்து நின்றது ஒரு பச்சைக் கார்.
ஓட்டி வந்தவர் ஹெட்லி தர்லோ. பக்கத்தில் மனைவி ஐவி.
பின்னிருக்கையில் பிஸ்கட்,
தன் பெயரைக் கழுத்தில் தொங்கவிட்ட நாய்.

"ரெண்டே ராத்திரி" என்றார் நான் கேட்பதற்குள்.
எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள்,
கொஞ்சமாய்க் கேட்டால்
கதவு கொஞ்சமாவது திறக்கும் என்று.
டெல்ஃப்டில் வில்லெம் என்றொரு நண்பராம்.
வயது எழுபதாம் நாளைக்கு.

நாயை முதலில் பார்த்தேன்.
தோலுக்கடியில் சில்லு. எண் சரி.
வெறிநோய் ஊசி போட்டு இருபத்தொரு நாள் தாண்டியிருந்தது.
மருத்துவரின் முத்திரைக்கு வயது நான்கு நாள்.
இரண்டு மொழியில் பத்துப் பக்கம்,
ஓர் அடித்தல் திருத்தல் இல்லை.
இத்தனை ஒழுங்கான பயணியை
இந்த வாரம் நான் பார்க்கவில்லை.

ஐவியின் கடவுச்சீட்டு நீலம், புதிது,
படத்தில் யாரையோ கோபித்துக்கொண்டிருந்தார்.

ஹெட்லியுடையது பழைய கருஞ்சிவப்பு.
மூலை மழுங்கிய அட்டையில்
மேல்வரி இன்னும் தங்கத்தில் சொல்கிறது:
ஐரோப்பிய ஒன்றியம்.

"ஜனவரி வரைக்கும் செல்லும்" என்று
காலாவதித் தேதியில் விரலை வைத்தார்.
நான் பார்த்துக்கொண்டிருந்தது
அதற்கு மேலே உள்ள தேதியை.
வழங்கிய நாள்: ஏப்ரல் இரண்டு, பத்து வருடம் முன்.
இன்று ஏப்ரல் பதினொன்று.

இந்த வேலையில் நான் கற்ற கணக்குகள் விசித்திரமானவை.
தொண்ணூறு நாள் என்றால் மூன்று மாதம் அல்ல.
போன நாளும் ஒரு நாள், திரும்பிய நாளும் ஒரு நாள்.
நூற்றெண்பது நாள் என்பது நாட்காட்டியில் இல்லை,
அது நம் பின்னாலேயே நடந்து வருகிறது நிழல்போல.
பத்து வயதைத் தாண்டிய புத்தகம்
செல்லுபடியானாலும் உள்ளே செல்லாது.
பழையதில் மிஞ்சியதென்று எங்கள் அரசு
அன்று ஒன்பது மாதம் சேர்த்துக் கொடுத்தது.
அக்கரைச் சட்டம் அதை எண்ணுவதில்லை.

சொன்னேன். இரண்டு முறை சொன்னேன்.
அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்,
கத்துகிறவர்களுக்கு என்னிடம் ஓர் அச்சடித்த தாள் உண்டு.
"ஒன்பது நாள்" என்றார்,
கடையில் மீதிச் சில்லறையை எண்ணுகிறவர்போல.
"போன வாரம் வந்திருக்கணும். முழங்கால் வலி."

பின்னால் ஒரு வேன் ஹார்ன் அடித்தது.

ஐவி இறங்கினார். காரைச் சுற்றி வந்து
ஓட்டுநர் கதவைத் திறந்துபிடித்தார்.
"நீ ரோட்டின் வலப்பக்கம் ஓட்டியதே இல்லையே?"
"நாய்க்கு அனுமதி இருக்கு. எனக்கும் இருக்கு.
வில்லெமுக்கு எழுபது ஒரு தடவைதான்."
இருக்கையை முன்னால் இழுத்தார், கண்ணாடியைத் திருப்பினார்.
பிறகு நினைவு வந்து
ஜன்னல் வழியே ஒரு பொட்டலம் நீட்டினார்.
பன்றிக்கறிப் பை. அதையும் அங்கே விடமாட்டார்கள்.
நுழைய முடியாத இருவரையும்
ஒன்றாக விட்டுவிட்டுப் போனது கார்.
பின்கண்ணாடியில் பிஸ்கட் மட்டும்
திரும்பிப் பார்த்துக்கொண்டே.

பதினொன்றேகாலுக்கு என் வேலை முடிந்தது.
கடைசி ரயிலும் போயிருந்தது.
வாகன நிறுத்தத்தில், விளக்குக் கம்பத்தடியில்,
அவர் பொட்டலத்தைப் பிரிக்காமல் நின்றிருந்தார்.
என் வழியும் மானிங்ட்ரீதான் என்றேன்.
பயணிகளிடம் நாங்கள் எதுவும் வாங்கக் கூடாது.
ஆனால் அவர் இப்போது பயணி இல்லை.
என் கார் சாவியால் பையை இரண்டாக அறுத்து
கப்பலின் விளக்குகள் ஒரு வரிசையாகிப்
பின் ஒரு புள்ளியாகும்வரை தின்றோம்.

"கடவுச்சீட்டு அலுவலகம் காலையில்
ஒன்பது மணிக்குத்தானே திறக்கும்?" என்று கேட்டார்,
வாயோரத் துகளைத் துடைத்தபடி.

நாளை சனிக்கிழமை என்று
நான் சொல்லவில்லை.
வண்டியைக் கிளப்பினேன்.