நகலில் வராதது

நூறு தடவை உருட்டினால்தான்
அடியில் படிந்த தங்கத்தூள் எழுந்து வரும்.
உருட்டாமல் எழுதினால் வெறும் கரும்பச்சை,
அலுவலகத்தில் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

அன்று பஸ்ஸில் இடமில்லை.
கியூர்பிப்பிலிருந்து போர்ட் லூயிஸ் வரை
கைப்பை குலுங்கியதை
நான் கணக்கில் வைக்கவில்லை.

முதல் கடிதம்: திரு. மூர்கென் சின்னாப்பென்,
புயலில் போன தகரக்கூரை.
'துரு பழையது. இழப்பீட்டுக்கு இடமில்லை'
எழுதிவிட்டு நிமிர்ந்தால்
அந்த 'இல்லை' மட்டும் மினுங்குகிறது
காவடி ஜிகினா மாதிரி.

மேலாளர் நகலெடுத்தார்.
நகலில் பொட்டு மினுக்கம் இல்லை.
கோப்பு ஒழுங்காக இருந்தது.

வியாழக்கிழமை அவரே வந்தார்.
சண்டைதான் என்று நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தேன்.
கடிதத்தை ஜன்னல் பக்கம் சாய்த்தார்,
மூலையில் டேப் தொங்கியது.
"மகள் சுவரில் ஒட்டிவிட்டாள்,
பிய்த்துக்கொண்டு வந்தேன்.
இது என்ன மை, மதாம்?"

பெயரைச் சொன்னேன். விலையைச் சொல்லவில்லை.
துருவைப் பற்றி
அவரும் பேசவில்லை, நானும்.

மேல்முறையீட்டுப் படிவத்தை நீட்டினேன்,
பேனாவையும்.
கையெழுத்துக்கு முன்னால் உருட்டுங்கள் என்றேன்.

உருட்டினார்,
இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே, நெடுநேரம்.
பின்னால் வரிசை
வாசலைத் தாண்டி மழைக்குள் போயிருந்தது.