வரவு இலக்கம்

மாசி இரவுகள் இருபத்தாறுக்குக் கீழே இறங்கவில்லை,
நாலாவது வருடமாக.

கொழும்பு ஏழில்
ஒரு தூதரகச் சுவரின் பின்புறம் எங்கள் தோட்டம்.
மூன்று ஏக்கர், பாசி பிடித்த ஒரு குளம்,
எழுநூற்றுப் பன்னிரண்டு மரஞ்செடி.
பதிவேடு என் பொறுப்பு.
ஒவ்வொரு பெயருக்கும் எதிரே
ஒரு நிறம் போடச் சொல்லியிருக்கிறார்கள்.
பச்சை என்றால் இருக்கும்.
மஞ்சள் என்றால் பார்க்கலாம்.
சிவப்பு என்றால், இது செத்தபின்
இதே இனத்தை இந்தக் குழியில்
மறுபடி நடவேண்டாம்.

குளக்கரைச் செண்பகத்துக்குச் சிவப்பு போட்டேன்.
மலையிலிருந்து வந்தது,
குளிர்ந்த இரவைக் கேட்கிற மரம்.
மொட்டுகள் அரிசியளவில் கருகி விழுகின்றன.
தினமும் அதன் கீழ் சோறு தின்கிற குலசிறி
இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.
மூன்றாம் நாள் பதினாறு பதியன்களை
ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார்.
"பதுளை ரயிலுக்கு நேரமிருக்கு. ஹக்கலைக்கு அனுப்புங்க."
யன்னலோரம் வைக்கவேண்டுமாம்.
பத்தாவது தப்பும் என்றார்.

காலியாகப் போகும் குழிக்கு
வெயில் தெரிந்த மரம் வேண்டும்.
நஸ்ரினா பட்டியல் போட்டாள்:
பாலை, வீரை, முதிரை.
ஆடியில் விதை வந்தது
கனகராயன்குளத்திலிருந்து,
அரசாங்க பஸ்ஸில், சாரதி இருக்கைக்குப் பின்னால்,
மூன்று பிஸ்கட் தகரங்களில்.

படிவம் எழுதினேன்.
பெயர்.
வேறு பெயர்கள்.
எங்கிருந்து வந்தது.
யார் கொண்டுவந்தது.
எதற்காகக் கொழும்பு.
எவ்வளவு நாள் தங்கும்.

பேனா நின்றது.
கடைசி இரண்டும் இந்தப் படிவத்தில் இல்லை.
அவை வேறொரு படிவத்தில் இருந்தவை.
தொண்ணூற்றாறில், வெள்ளவத்தைப் பொலிஸில்,
லொட்ஜ் முதலாளியின் கடிதத்தோடு
அம்மா வரிசையில் நின்றாள்.
மேசையுயரம்தான் நான் அப்போது,
தலைகீழாக வாசித்தேன்.
இத்தனை வருடம் கழித்துக்
கை தானாக எழுதியிருக்கிறது.

வெட்டத்தான் போனேன்.
பிறகு பதில் எழுதினேன்.
எதற்காக: நாங்கள் கூப்பிட்டதால்.
எவ்வளவு நாள்: நூறு வருடம், வேர் அழுகாவிட்டால்.

அழுகலாம்.
பாலை காய்ச்சலைத் தாங்கும்,
ஐப்பசியில் முழங்காலளவு நிற்கிற
இந்த ஊர்த் தண்ணீரை
அதற்கு யாரும் சொல்லிவைக்கவில்லை.
நஸ்ரினாவின் கணக்கிலும் அந்தக் கட்டம்
வெறுமையாகத்தான் கிடக்கிறது.
குலசிறி உடைந்த ஓடுகளைக் கொட்டி
மேடு கட்டுகிறார்.
இன்னும் ஒரு சாண் என்கிறார், ஒவ்வொரு நாளும்.

நாற்பதில் ஆறு முளைத்திருக்கிறது.
செண்பகம் இன்னும் சாகவில்லை.
அதன் நிழலில்தான் தட்டுகளை வைத்திருக்கிறோம்.