நாற்பத்தெட்டு

நூக் நகரத்தில் டிசம்பர்; மூன்று மணிக்கே இருட்டு.
என் மேசையில் ஏழு கைபேசிகள்.
ஆறிலும் எல்லாம் சரியாக இருந்தது.

புகார் மனீட்சொக்கிலிருந்து.
நண்டுப் படகில் வேலை செய்யும் அக்கலுக்
கப்பல் சீட்டு மூன்று முறை போட்டார்,
மூன்று முறையும் ரத்தானது.
"உங்கள் செயலிக்கு என்னைப் பிடிக்கவில்லை போலும்."
கோபமில்லாமல்தான் எழுதியிருந்தார்.
அதுதான் உறுத்தியது.

ஓர்ஹூஸிலிருந்து தோர்கில் சொன்னான்:
"இங்கே சரியாகத்தானே தெரிகிறது?"
தெரியும். டேனிஷில் அது குட்டிச் சொல்,
பொத்தானுக்குள் கால் மடக்கிப் படுத்துக்கொள்ளும்.
எங்கள் மொழியில் அதே சொல்
விகுதிமேல் விகுதி கோத்து
ஆழ்கடல் தூண்டில் கயிறாய் இறங்கும்,
நுனி எங்கே என்று தெரியாது.

திரையைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன்.
அம்மாடி, எவ்வளவு பெரிய எழுத்து!
மூக்குக்கண்ணாடி அக்டோபரில் கடலில் விழுந்துவிட்டதாம்,
புதியது இன்னும் வந்து சேரவில்லையாம்.
வருகிற வரைக்கும்
எழுத்தை உச்சத்தில் வைத்திருக்கிறார்.

ஏழாவது கைபேசியில் நானும் உச்சத்தில் வைத்தேன்.
'உறுதிசெய்' இரண்டாய் உடைந்து
பாதி கீழே சரிந்தது.
அதன்மேல் 'ரத்துசெய்',
நிறமில்லாத பெட்டி,
கண்ணாடிக் கதவுபோல் ஏறி நின்றது.
கண் ஒன்றைப் பார்த்தது,
விரல் அதையே தொட்டது,
வாங்கிக்கொண்டது மற்றது.

உயரம்: நாற்பத்தெட்டு.
கூடாது, குறையாது, அசையாது.
எந்தப் புண்ணியவான் எழுதியது என்று
வரியின் வரலாற்றைத் திறந்தேன்.
நான்தான்.
நான்கு வருடம் முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை,
மாலை நாலு ஐம்பத்திரண்டுக்கு.

எண்ணை அழிக்கவில்லை.
'குறைந்தபட்சம்' என்று முன்னால் ஒரு சொல் சேர்த்தேன்.
சொல் வளர்ந்தால் பெட்டியும் வளரட்டும்,
பக்கத்தில் இடமில்லையென்றால்
ஒன்றன்கீழ் ஒன்றாய் இறங்கிக்கொள்ளட்டும்.

அவை இறங்கின.
உடனே கட்டணம் தேதியின்மேல் ஏறியது.
அதைத் தள்ளினேன்;
விசைப்பலகை எழுந்து வந்து
பெயர் எழுதும் கட்டத்தை விழுங்கியது.
அதற்கும் வழி விட்டேன்;
கேமரா பள்ளத்துக்குள்
'மனீட்சொக்'கின் முதல் எழுத்து விழுந்தது.
காபி இரண்டு முறை ஆறியது.
ஒன்பது மணிக்கு ஏழிலும்
யார் தலையிலும் யாரும் உட்காரவில்லை.

தோர்கில் பார்த்துவிட்டு,
"கொஞ்சம் அசிங்கமாக இருக்கிறதே" என்றான்.
இருக்கிறதுதான்.
அப்படியே அனுப்பினேன்.

மறுநாள் அக்கலுக்கிடமிருந்து ஒரு வரி:
"சீட்டு கிடைத்தது. கப்பல் வரவில்லை."

'அது எங்கள் பிழை அல்ல' என்று தட்டினேன்.
அழித்தேன்.
'அங்கே காற்று எப்படி?' என்று கேட்டேன்.