இரண்டாவது மணியில்

கேப்டன் முகுந்தன் இரண்டாவது மணியில் எடுப்பார்.
வெய் ஜியான் ஐந்தாவதில்.
ஹாஃபிஸ் எடுக்கவே மாட்டான்;
பல் துலக்காத குரலில் பிறகு அவனே அழைப்பான்:
"சொல்லுங்க காக்."
அக்காவைத் திருப்பிப் போட்டது போல ஒரு சொல்.

நான் பறப்பதில்லை.
செப்பாங்கில், ஜன்னலில்லாத அறையில்,
மூன்று திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து
அதிகாலை மூன்று பதினேழுக்கு
தூங்குகிறவர்களின் தலைமாட்டில் ஒலிக்கிறேன்.
ஓய்வு நாள் என்றால் பச்சை.
தயார்நிலை என்றால் மஞ்சள்.
பச்சையை மஞ்சளாக்கித்தான்
செந்தூல் ஃபிளாட்டுக்குத் தவணை கட்டுகிறேன்.

முகுந்தனுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி.
பல் டாக்டரிடம் நான்கு முறை நாள் குறித்தார்.
நான்கையும் அழித்தது என் ஆள்காட்டி விரல்.
கன்னத்தில் கிராம்பை அடக்கிக்கொண்டு
கூச்சிங் போனார், கோத்தா பாரு போனார்,
ஒரே நாளில் பினாங்குக்கு இரண்டு தரம் போய்வந்தார்.
"மேல ஏற ஏற பல்லுக்குத் தனி உயிர் வந்துருதும்மா"
என்றார் ஒருமுறை.
புகாராக இல்லை, வானிலை சொல்வது போல.

சட்டப்படி எல்லாம் சரி.
மணிக்கணக்கைக் கூட்டிப் பார்த்துக்
கணினி ஒப்புதல் குறி போடும்.
கணினிக்குக் கண் எரிவதில்லை.

நோய்க்காலத்தில் பாதிச் சம்பளம்.
பிறகு சம்பளமே இல்லாத விடுப்பு.
நான்கு கோடு போட்ட சட்டையைப் பெட்டியில் வைத்துவிட்டு
செராஸில் மோட்டாரில் போய்
சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தார் முகுந்தன்.
மீதியைப் பிறகு தருவோம் என்று கடிதம் வந்தது.
அந்த மீதி
இன்னும் மீதியாகவே இருக்கிறது.

போன வருடம் ஒரு கூட்டத்தில்
புதிய சொல் ஒன்றைக் கொடுத்தார்கள்:
தக்கவைத்தல்.
மூன்று வருட ஒப்பந்தம், கையெழுத்திட்டால் ஒரு தொகை,
முன்னதாகப் போனால் இருமடங்காய்த் திருப்ப வேண்டும்.
அணைக்கட்டுக்குச் சொல்ல வேண்டிய சொல்.
அணைக்கும் ஒரு மதகு உண்டு.
அந்த மாதமே ஒன்பது பேர் வளைகுடாவுக்குப் போனார்கள்.
போனவர்களின் மணிநேரம் ஆவியாவதில்லை,
இருப்பவர்கள் மேல் இறங்குகிறது.
இருப்பவர்களும் அதன்பின்
போகிறவர்கள் போலவே பேசுகிறார்கள்.

முகுந்தன் பத்தாவது.
பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் விருந்து.
தொடாத அப்பளத்தை என் இலைக்குத் தள்ளிவிட்டு
ஒரு பக்கமாகவே மென்றார்.
அங்கே எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை;
கேட்டால் நாங்களும் கணக்குப் போட வேண்டியிருக்கும்.
"காசுக்காக மட்டுமில்ல.
அடுத்த மாச ரோஸ்டர் இந்த மாசமே வந்துருமாம்.
வந்தா மாறாதாம்."
சொர்க்கத்தைப் பற்றிக் கேள்விப்பட்டவர் போலச் சொன்னார்.
நான் மோரை ஊற்றிக்கொண்டேன்.

நேற்று
காலை ஆறு ஐந்து பினாங்கு விமானத்துக்குக் கேப்டன் இல்லை.
காய்ச்சல்.
பழக்கம்தான், விரல் அவர் பெயரில் போய் நின்றது.
இரண்டாவது மணி.
"எத்தன மணிக்கு ரிப்போர்ட்டு?"
அலமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.
பிறகு இருவரும் பேசவில்லை.
துபாயில் அப்போது இரவு பதினொன்றே கால்.

"மன்னிச்சிருங்க, கேப்டன்."
"பரவால்லம்மா."
"பல்லு?"
"வந்த மொத வாரமே புடுங்கிட்டேன். கம்பெனியே காசு கட்டிருச்சு."
"வலி?"
"வலியில்ல. நாக்குதான்
அந்த எடத்துக்குப் போயிட்டுப் போயிட்டு வருது."

வைத்துவிட்டேன்.
நூற்று எழுபத்தொரு பேர்
அலாரம் வைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.
வெய் ஜியானின் சனிக்கிழமை பச்சையாக இருந்தது.
அதைப் பார்க்காமல் எண்ணை அழுத்தினேன்.
ஒன்று. இரண்டு.
ஐந்துக்குப் பிறகும்
எண்ணிக்கொண்டிருந்தேன்.