இருபது மரை

செஸ்டபோனியில் பிப்ரவரி.
தகரக் கொட்டகைக்குள் கார் நுழைந்தபின்
ஆள் நிற்க மிச்சம் ஒரு முழம்.
அந்த முழத்தில் நிற்கிறாள் நானுலி,
கணவன் விட்டுப்போன கம்பளிச் சட்டையில்,
பல்லிடுக்கில் டார்ச்.

நவம்பரிலிருந்து டிக் டிக் என்று ஒரு சத்தம்.
டாக்ஸியில் ஏறியவர்கள்
மீட்டர் ஓடுவதாக நினைத்து
ஒரு தெரு முன்னாலேயே இறங்கிக்கொண்டார்கள்.

மேல்மூடியை எடுத்தாயிற்று.
எண்ணெய் மினுங்க அருகருகே
இரண்டு கேம்ஷாஃப்ட்,
முகம் பார்த்துக்கொள்ளாத ஓரகத்திகள்
ஒரே செயினில்.

கழற்றுமுன் குறி வைக்க வேண்டும்.
பல்சக்கரத்தைத் துணியால் துடைத்தாள்.
குறி ஏற்கெனவே இருந்தது.
சக்கரத்தில் ஒரு புள்ளி,
எதிரே விளிம்பில் ஒரு புள்ளி,
நேருக்கு நேர்.
பிளம்பழ நிறம்.

டார்ச் வாயிலிருந்து விழுந்து
காருக்கடியில் உருண்டது.
குனிந்து எடுக்க நேரமானது.

மூன்று வருஷத்துக்கு முன்
குளியலறை அலமாரியிலிருந்து காணாமல் போன
அவளுடைய நெயில் பாலிஷ்.
பாதிப் பாட்டில் இருந்தது.
அந்த வாரம் வீட்டுக்கு வந்துபோனவள்
நாத்தனார் மக்வலா ஒருத்திதான்.
நானுலி கேட்டாள். கேட்ட விதம் சரியில்லை.
மரை கழண்டவளே என்றாள் மக்வலா,
படியில் நின்று, நான்கு மாடிக்கும் கேட்க.
அதன்பின் ஈஸ்டருக்கும் வரவில்லை,
சாவுக்கும் வரவில்லை.

அதே வாரம்தான் பெசிக்
குத்தாயிசி மெக்கானிக்குக் கொடுக்க என்று
முந்நூறு லாரி வாங்கிப்போனான்.
(அந்த ஊர்ப் பணத்துக்கு லாரி என்று பெயர்.
இப்போது போலந்தில்
அவன் ஓட்டுவதும் லாரிதான்.)
மெக்கானிக் என்று யாரும் இல்லை.
இந்தத் தகரத்துக்குள்
அவனே திறந்து அவனே மூடியிருக்கிறான்.
புள்ளி வைத்த கை நடுங்கவில்லை.
மூடிகளின் எண்ணும் வரிசை பிசகவில்லை.
பணம் எங்கே போனது என்று
என்ஜின் சொல்லாது.

செயினை இறுக்கும் விரலைப் பின்னுக்குத் தள்ளினாள்.
இனி போல்ட்.
தண்டுக்கு ஐந்து மூடி, மூடிக்கு இரண்டு,
ஆக இருபது மரை.
ஒரே மூச்சில் கழற்றக் கூடாது.
அடியில் பதினாறு ஸ்பிரிங்,
சில படுத்திருக்கின்றன,
சில முதுகு நிமிர்த்தக் காத்திருக்கின்றன.
ஒரு முனையை விட்டு
மறுமுனையைப் பிடித்துவைத்தால்
நடுவில் முறியும்.
வார்ப்பிரும்பு, வளையத் தெரியாது.

ஓரத்தில் ஒரு கால் திருப்பு.
மறு ஓரத்தில் ஒரு கால் திருப்பு.
பிறகு உள்ளே. பிறகு நடு.
மறுபடி ஓரம்.
வெளியே மாங்கனீசு கரைந்து
கறுத்து ஓடுகிறது க்விரிலா.
மறுபடி ஓரம்.
ஆறாவது சுற்றில், யாரும் தூக்காமலே,
தண்டு ஒரு மயிரிழை எழுந்தது.

மூடிகளை எண் பார்த்து
அட்டைப்பெட்டியில் வரிசையாக வைத்தாள்.
செயின் உள்ளே விழாமல் கம்பியால் கட்டினாள்.
தண்டைத் தூக்கி
முட்டை முட்டையாக நகம் ஓட்டினாள்.
மூன்றாவதன் மூக்கில் நகம் தடுக்கியது.
டிக் டிக் இதுதான்.
தொள்ளாயிரமாவது ஆகும்.

கை கழுவவில்லை.
முழங்கை முனையால் போனைத் தட்டினாள்.
ஒன்பது மணி அடித்தபின் எடுத்தாள் மக்வலா.

"அந்த நெயில் பாலிஷ் கிடைத்துவிட்டது."

"எங்கே?"

"என்ஜினுக்குள்."

அந்தப் பக்கம் எண்ணெய் காயும் சத்தம்,
ஏதோ பொரிகிறது,
அடுப்பைக் குறைக்கிறாள்.

"அது என்ன நிறம்?" என்றாள் மக்வலா.
"மூன்று வருஷமாகக்
கேட்க வேண்டும் என்றிருந்தேன்."

நானுலி டார்ச்சைத் திருப்பி
மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள்.