கழிவுப் பட்டியல்

மார்ச் மாசம். குளச்சல் கிளை நூலகத்தில்
கிழிந்ததைக் கழிக்கும் வேலை எனக்கு.
வரிசை எண் நாற்பத்தியொன்று: படக்கதை, பதினாறு பக்கம்.
பூனை ஒன்று வள்ளமேறிப் போகிறது.
காரணம் என்ற கட்டத்தில்
‘கிறுக்கல்’ என்று எழுதப்போனேன்.

ஏழாம் பக்கம்.
பாய் மேற்கே புடைத்திருக்கிறது,
கொடி கிழக்கே பறக்கிறது.
வரைந்தவர் கடல் பார்க்காதவரோ என்னவோ.
நானும் ரப்பர் மரங்களுக்கு நடுவே பிறந்தவள்,
இத்தனை வருஷம் அது கண்ணில் படவில்லை.

பென்சிலால் ஒரு பிள்ளை கொடியை அடித்து
மறுபக்கம் பறக்கவிட்டிருக்கிறது:
‘கச்சான் அடிச்சா இப்பிடித்தான். ரெஜின், 3 பி.’
கீழே நீல மையில் வேறொரு கை:
‘எலேய், பூனைக்க வாலப் பாத்தியா?’
பார்த்தேன். வால் கிழக்கே.
அதன்பிறகு யாரோ, பெயர் போடாமல்,
வானம் முழுக்க மெழுகு வண்ணத்தில்
சுழி சுழியாய்
இரண்டு காற்றையும் வரைந்து வைத்திருக்கிறார்கள்.

தேதி முத்திரைகள்
அட்டைக்குள் இடமில்லாமல்
ஒட்டுச்சீட்டில் இறங்கியிருந்தன.
கடைசியாகப் போனது போன வெள்ளி.

ஜன்னலைத் திறந்து
விரலை நனைத்து நீட்டிப் பார்த்தேன்.
எனக்குப் பிடிபடவில்லை.
பட்டியலில் நாற்பத்தியொன்றை அடித்துவிட்டு
நாற்பத்திரண்டுக்குப் போனேன்.