வியாழக்கிழமைச் சாலை

கணவாயில் பனி வழித்துத் தள்ளுவது என் வேலை.
எந்த வீட்டு விளக்கு எப்போது அணைகிறது,
எவன் கார் எவள் வாசலில் விடிகிறது,
எல்லாம் தெரியும். சொல்வதில்லை.

போதகர் ஸ்வாலாவின் பழைய சுபாரு
அன்று தேவாலயத்தின் பின்புறம் நின்றது,
என்ஜின் ஓட, வைப்பர் ஆட.
போகும்போது பார்த்தேன்.
உச்சிவரை ஏறித் திரும்பியபோதும்
அங்கேயே.
ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்,
எங்கோ ஓட்டிப்போகிறவள் போல.

அந்தக் குளிர்காலத்தில் ஏழு அடக்கம்.
மூன்று ஒரே படகிலிருந்து.
அதில் ஒருவன் என் தங்கை மகன்.
வந்து சொன்னவள் அவள்தான்,
ஷூவைக்கூடக் கழற்றாமல், நின்றபடி.
தங்கை அவள் தோளில் அறைந்தாள்,
அறைந்துகொண்டே இருந்தாள்.
அவள் நகரவில்லை.
பிறகு எங்கள் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு
அடுத்த வீட்டுக்குப் போனாள்.
அந்தத் தோளை யார் பார்த்தது?

சபைக் கூட்டத்தில் பேச்சை எடுத்தேன்.
ஞாயிறு ஆராதனைக்கே போகாதவன்;
எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.
"போதகருக்குத்தான் கடவுள் இருக்கிறாரே"
என்றான் பொருளாளர் நியால்.
ஆர்கன் வாசிக்கும் தீர்லெய்ஃப்
பின்னிக்கொண்டிருந்த கம்பளியிலிருந்து நிமிராமல் கேட்டாள்:
"உனக்குப் பல் வலித்தால் எங்கே போகிறாய்?"

இப்போது போதகரின் தொலைபேசி
வாரத்தில் இரண்டு இரவு
தீர்லெய்ஃபின் சமையலறையில் கிடக்கிறது.
முதல் இரவில் வந்தது ஒரே அழைப்பு.
தேவாலயத்தில் விளக்கு எரிகிறதாம்,
மின்கட்டணத்தை யார் கட்டுவதாம்.
அழைத்தது நியால்.

மலைக்கு அந்தப்பக்கத் துறைமுகத்தில்
மனநல ஆலோசகர் ஒருத்தி இருக்கிறாள்.
வியாழன், காலை ஒன்பது மணி.
ஆறு அமர்வுக்குப் பணம் தரும்
ரெய்க்யாவிக்கின் பிஷப் அலுவலகம்.
ஏழாவதற்காக நாங்கள் ஆட்டுக்கறி சூப் விற்கிறோம்.

விதிப்படி பள்ளிப் பேருந்தின் சாலைதான் முதலில்.
வியாழன்களில் நான் கணவாயை முதலில் எடுக்கிறேன்.
பதிவேட்டில் எழுதுகிறேன்: பனிக்குவியல், தாமதம்.
பிள்ளைகளுக்கு இருபது நிமிடம் கூடுதல் தூக்கம்.
இதுவரை ஒரு புகாரும் இல்லை.

இருட்டில் என் மஞ்சள் விளக்கு சுழல
பின்னால் அவளுடைய இரண்டு சின்ன விளக்குகள்.
உச்சியில் ஒதுங்கி வழிவிடுவேன்.
கையசைப்பாள்.
இதைப் பற்றி நாங்கள்
ஒரு வார்த்தையும் பேசிக்கொண்டதில்லை.

போன ஞாயிறு
ஆசீர்வாதம் சொல்லக் கை உயர்த்தியவள்
பாதியில் நின்றாளாம்.
"இன்றைக்கு எனக்கு வரவில்லை" என்றாளாம்.
அங்கியோடு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாளாம்.
என்ன செய்வதென்று தெரியாத சபை
கொஞ்ச நேரம் இருமிவிட்டு
காப்பி கலக்கப் போனதாம்.
தங்கைதான் எழுந்துபோய்
பக்கத்தில் உட்கார்ந்தாளாம், சும்மா.

கெட்ட செய்தி போலத்தான் சொன்னான் நியால்.
எனக்கு அப்படிப் படவில்லை.
கார் கண்ணாடியிடம் சொல்லாமல்
ஊரிடம் சொன்னாளே.

நாளை வியாழன்.
வடக்குக் காற்று என்கிறது வானொலி.
பிளேடின் இடது கீலுக்கு
கிரீஸ் போட வேண்டும்.